சைக்கிளை எடு, போ: கைதும் தெருவில் நிற்கும் சாட்சியும்

போன மாதம் ஒரு தம்பி காலையிலேயே போன் பண்ணினான். அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த விலையில்லா சைக்கிளில்தான் இன்றும் கல்லூரிக்குப் போய் வருகிறான். வழியில் ஒரு டீக்கடை வாசலில் மப்டியில் இருந்த மூன்று பேர் ஒரு இளைஞரை இழுத்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறான். பக்கத்துக் காலனிப் பையன், முகம் தெரியும், பேர் தெரியாது. இவன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றி நின்றிருக்கிறான். "என்னடா வேடிக்கை? சைக்கிளை எடு, போ" என்று ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வர, கிளம்பிவிட்டான்.

"அண்ணே, அங்க நிக்கிறதுக்கு எனக்கு உரிமை இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றான்.

இருக்கிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. நம் பிள்ளைகள் சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்கிற அளவுக்கு அந்தக் கதையைத் தெரிந்துகொள்வதில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அதற்கு முன் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும்.

1998இல் நான் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு ரயில்வே கேட். ஒரு திங்கட்கிழமை காலை கேட் மூடியிருந்தது. சைக்கிளும் மாட்டுவண்டியும் டவுன் பஸ்ஸுமாக முப்பது நாற்பது பேர் நின்றிருப்போம். எனக்கு முன்னால் சைக்கிளில் நின்றிருந்த ஒரு பையனை, பின்னால் வந்த ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். ஹேண்டில்பாரில் தூக்குவாளி மாட்டியிருந்த அவன் சைக்கிள் கீழே சாய்ந்தது. "அண்ணே, எங்கம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணே" என்று கத்தினான். எந்த அண்ணனிடம் சொன்னான் என்று தெரியவில்லை. எல்லோரும் ரயில் வருகிற திசையைப் பார்த்தோம்.

அந்த சைக்கிள் அன்று சாயங்காலமும் அங்கேயே கிடந்தது. மறுநாள் யாரோ அதைத் தூக்கி கேட் கீப்பர் அறைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். புதன்கிழமையும் இருந்தது. வியாழக்கிழமை விடியற்காலை பஸ் நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது அவன் பிடிபட்டதாக வழக்கு ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. பிறகு வழக்கறிஞர் தோழர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். கேட்டில் நின்ற நாற்பது பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், அன்றைக்குப் போயிருக்க மாட்டேன்.

திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே அந்த மூன்று நாள் எங்கே போனது? காவல் கொட்டடி பற்றிய வழக்குகள் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதை எழுதுகிற பேனா காவல்துறையின் கையில் இருக்கிறது. அது பொய் எழுதினால், உண்மை நேரம் தெருவில் பார்த்தவர்களிடம் மட்டும்தான் இருக்கும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கிராமத் தலைவருக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்த சட்டம் அது. வாய்ச்சண்டை, சின்னக் கைகலப்பு போன்றவற்றில் சிக்கியவரை அவர் கிராமச் சாவடியில் சில மணி நேரம் அடைத்து வைக்கலாம். ஆனால் சிக்கியவர் 'கீழ்ச்சாதி'யாக இருந்தால் தொழுமரத்தில் ஆறு மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம். தொழுமரம் என்பது ஓட்டை போட்ட இரண்டு கட்டைகள். அவற்றுக்கு நடுவே கால்களைச் செருகிப் பூட்டிவிடுவார்கள். இவ்வளவு இழிவான தண்டனையை இன்னாருக்குக் கொடுப்பது தகாததல்ல என்று அந்தச் சட்டமே சாதியைப் பார்த்துச் சொன்னது. மனுவின் ஏடு அல்ல இது, வெள்ளைக்காரன் அச்சடித்த சட்டம். பிரிட்டிஷ் ஆட்சி சட்டத்தின் முன் எல்லோரையும் சமமாக்கியது என்று மேடையில் பேசுகிற நம் தோழர்களுக்கும் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தொழுமரத்தை ஊர் பார்க்கிற இடத்தில்தான் வைப்பார்கள். அந்தத் தண்டனையின் பாதி கட்டையில் இருந்தது என்றால் மீதிப் பாதி பார்க்கிறவர்களின் கண்ணில் இருந்தது. வெயிலில் உட்கார்ந்திருக்கும் பறையரை, சக்கிலியரை ஊர் பார்க்க வேண்டும். அவருடைய பிள்ளைகளும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பேசாமல் போக வேண்டும். போலீஸ் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து நாம் பேசாமல் போகிற பழக்கம் எங்கே தொடங்கியது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டைதான் கண்ணில் வருகிறது.

அடுத்து 1855. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறது என்று லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்ததால் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என மூவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்தன. விரல்களை இரண்டு கோலுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள் என்று நம் ஊர்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறின. கார்ல் மார்க்ஸ் 1857இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்தியச் சித்திரவதை பற்றி எழுதியபோது கையில் வைத்திருந்தது இந்த அறிக்கையைத்தான். வரி வாங்குகிற தாசில்தாரே போலீஸ் தலைவராகவும் இருந்தது இந்தக் கொடுமைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று குழு கண்டது. ஆனால் பழி முழுவதையும் 'சுதேசி' ஊழியர்கள் மேல் போட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றிக்கொண்டது.

அதன் விளைவாக 1859இல் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872இன் சாட்சியச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற 25ஆவது பிரிவு இடம்பெற்றது. இந்தப் பிரிவை நாம் மதிக்க வேண்டும். போலீஸ் அடித்து வாங்கும் என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் 27ஆவது பிரிவு பின்வாசலைத் திறந்து வைத்தது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு அது செல்லும். அன்றிலிருந்து இன்றுவரை, எங்கோ புதரில் 'அடையாளம் காட்டி எடுத்துக் கொடுத்த' கத்திகளுக்குக் குறைவில்லை. இப்போது புதிய சட்டத்தில் இவை 23ஆவது பிரிவாக எண் மாறியிருக்கின்றன. உள்ளடக்கம் அதேதான்.

வாக்குமூலம் செல்லாது என்றால் வேறு சாட்சி வேண்டும். 1898இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வீட்டைச் சோதனை போடும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு 'மதிப்புக்குரிய' குடியிருப்பாளர்கள் கூட இருக்க வேண்டும் என்றது. யார் இந்த மதிப்புக்குரியவர்? சட்டத்தில் விளக்கம் இல்லை. ஆகவே விளக்கத்தை ஊர் கொடுத்தது. மணியக்காரர், கர்ணம், நிலக்கிழார், கடைக்காரர். சேரியில் சோதனை போட்டாலும் சாட்சி ஊரிலிருந்து வருவார். சேரியில் நூறு குடும்பம் இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே மதிப்புக்குரிய ஆள் ஒருவரும் இல்லை. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தபோது அந்த நாற்காலிகள் மாறின, அது நல்லது. ஆனால் சாட்சிக் கையெழுத்துக்குக் கிராம அலுவலரைக் கூப்பிடும் வழக்கம் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. என் ரயில்வே கேட் பையனின் ஆவணத்தில் இருந்ததும் அந்தக் கையெழுத்துதான்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவில் நின்று சாட்சியாக வேண்டுமென்றால் முதலில் தெருவில் நிற்க முடிய வேண்டும். பொதுத் தெருவும் கிணறும் எல்லோருக்கும் திறந்தவை என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். அதற்குப் பிறகும் என் அப்பா ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். செருப்பு ஹேண்டில்பாரில் தொங்கும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பொது இடத்தில் பட்டியல் சாதியினர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதை, செருப்பு, புதுத்துணி அணிவதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாக எழுதியிருக்கிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. சைக்கிள் என்ற சொல்லை நாடாளுமன்றம் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்னவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கைதுக்குச் சாட்சி வேண்டும் என்ற விதி வந்த கதை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான டி.கே. பாசு, நாளிதழ்களில் வந்த காவல் மரணச் செய்திகளை இணைத்து 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகப் பதிவானது. தீர்ப்பு வர பத்து வருடம் ஆனது.

அந்தப் பத்து வருடத்துக்குள் இரண்டு பெண்களின் கதை இருக்கிறது. ஒடிசாவில் 1987 டிசம்பர் 1ஆம் தேதி காலை சுமன் பெஹரா என்ற 22 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்துப் போனது. இரவு அவருடைய தாய் நீலாபதி புறக்காவல் நிலையத்துக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் மகனின் உடல் ரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். அந்தத் தாய் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு, 1993 மார்ச்சில் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சரியாக அதே மார்ச் மாதத்தில்தான் இங்கே விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணுவை கம்மாபுரம் போலீஸ் கொண்டுபோனது. இங்கேயும் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். காவல் நிலையத்தில் கணவரை அடித்ததைக் கண்ணால் பார்த்த மனைவி பார்வதி அதை நம்பவில்லை. வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். கீழ் நீதிமன்றம் போலீசாரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2006இல் தண்டித்தது. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்கள் வழக்கறிஞரை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கின் முதுகெலும்பு, பார்த்ததைப் பார்த்தேன் என்று பதின்மூன்று வருடம் மாற்றாமல் சொன்ன அந்த அம்மாதான்.

1996 டிசம்பர் 18இல் டி.கே. பாசு வழக்கில் தீர்ப்பு வந்தது. பதினோரு கட்டளைகள். கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி அடையாள அட்டை அணிய வேண்டும். கைது செய்த இடத்திலேயே நேரமும் தேதியும் போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1816இல் தண்டனையின் பாகமாக இருந்த தெருவின் கண்ணை, பாதுகாப்பின் பாகமாகச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. ஆனால் அந்தப் பழைய 'மதிப்புக்குரிய' என்ற சொல் மட்டும் போகவில்லை. இந்த விதி 2010இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் 41ஆ பிரிவாக ஏறியபோதும் அந்தச் சொல் கூடவே ஏறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் ரயில்வே கேட்டில் நின்ற அன்று அந்தத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாது. ஜீப்பில் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டம் ஏட்டில் இருந்த காலத்தில் நம் இயக்கத் தோழர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அது தந்தி. யாரையாவது பிடித்துப் போனார்கள் என்று தகவல் வந்தால் முதல் வேலை தந்தி ஆபீசுக்கு ஓடுவது. தலைமை நீதிபதிக்கு ஒன்று, மாவட்ட எஸ்.பி.க்கு ஒன்று. இன்னாரை இத்தனை மணிக்கு இங்கிருந்து பிடித்துப் போனார்கள், உயிருக்கு ஆபத்து, அவ்வளவுதான் வாசகம். சொல் கணக்குக்குக் காசு என்பதால் பெயரும் நேரமும் இடமும் மட்டும் இருக்கும். பதில் வராது. பதிலுக்காக அனுப்புவதும் இல்லை. தந்தி ரசீதில் அரசாங்கமே தேதியும் நேரமும் குத்திக் கொடுக்கும். மூன்று நாள் கழித்து 'இன்று காலை கைது' என்று போலீஸ் எழுதினால், அந்தச் சின்னச் சீட்டு நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது பத்திரிகைகள் பிறப்பு, இறப்புச் செய்திகளைப் பற்றி உருகி எழுதின. எனக்கு நினைவு வந்தது அந்த ரசீதுகள்தான்.

இப்போது தந்தியின் வேலையைத் தெருக் கேமராவும் கைபேசியும் செய்கின்றன. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 இரவு ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் புரண்டு தகராறு செய்ததால் காயம்பட்டார்கள் என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடைக் கேமராப் பதிவில் அப்படி எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்குள் நடந்ததைத் தலைமைக் காவலர் ரேவதி நடுவரிடம் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்துக் கொன்றது காவல் நிலையக் கேமரா எட்டாத இடத்தில். மறைவாக நின்று ஒருவர் கைபேசியில் எடுத்த சில நொடிகள்தான் அந்த வழக்கைப் பேச வைத்தன.

நாட்டின் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஒவ்வொருவரும் எங்கோ ஒரு தெருவில்தான் பிடிபட்டிருப்பார்கள். அந்தத் தெருவில் யாரோ நின்றிருப்பார்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட்டு நடைமுறையையும் சொன்னேன். போலீஸ் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று பார்ப்பது குற்றமில்லை. ஆனால் கையைப் பிடித்து இழுத்தால், வழி மறித்தால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தாய் என்று வழக்குப் போட அவர்களிடம் பிரிவு தயாராக இருக்கிறது. தனியாக இருந்தால் வீரம் காட்டாதே, பத்தடி தள்ளி நில். பிடிபட்டவரிடம் பெயரும் அம்மா அப்பா பெயரும் கத்திக் கேள், அதற்குத் தடையில்லை. எந்த ஸ்டேஷன் என்று போலீசிடம் மரியாதையாகக் கேள். சொல்லாவிட்டாலும் கேட்டது பத்துப் பேர் காதில் விழட்டும். பிறகு நேரத்தை எழுது, வண்டி எண்ணை எழுது. எழுதியதைப் படம் எடுத்து உடனே இரண்டு பேருக்கு அனுப்பு, அந்த அனுப்பிய நேரம்தான் இன்றைய தந்தி ரசீது. வீட்டாருக்குத் தகவல் போனதா என்று பார். கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போட நான் தயார், நான் இந்தப் பகுதிக்காரன் என்று சொல்லிப் பார். நீ யார் என்று கேட்பார்கள். உன் பெயரையும் தெருவையும் சொல். காலனி என்று சொல்லக் கூச்சப்படாதே.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அண்ணே, வண்டி நம்பர்ல கடைசி நாலு எண்ணும் நேரமும் ரெக்கார்டு நோட்டு பின்னட்டையில எழுதி வச்சிருக்கேன். காலையில எட்டு பத்து. அது போதுமா?"

அந்தப் பையனின் அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ரிமாண்ட் அறிக்கையை வழக்கறிஞர் வாங்கிப் பார்த்தார். கைது செய்த நேரம் மாலை ஆறரை என்று போட்டிருந்தது, இடம் ஊருக்கு வெளியே ஒரு பாலத்தடி. சாட்சிகள் இருவரும் அந்தத் தெருக்காரர்கள் அல்ல. ரெக்கார்டு நோட்டின் பின்னட்டை இப்போது வழக்கறிஞரின் கட்டில் இருக்கிறது. தம்பி பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். முகவரி எழுதும் இடத்தில் காலனித் தெருப் பெயரை முழுசாக எழுதியிருந்தான்.